டேனைட்டுகள் முதல் மவுண்டன் மெடோஸ் வரை: மார்மன் குடியேற்றக் கால வன்முறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் யூட்டா பகுதியில் மார்மன்கள் குடியேறிய காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே டேனைட், அழிக்கும் தூதன், ரத்தப் பரிகாரம் என்ற வார்த்தைகளும் கூடவே வந்துவிடும். அதையொட்டி எழும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

மார்மன்னா யாரு? கிறிஸ்தவங்கதானே, அப்புறம் ஏன் மத்த கிறிஸ்தவங்க அவங்களை ஊர் ஊரா விரட்டினாங்க?

1830 ஏப்ரல் 6-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபை அது. பைபிளோடு சேர்த்து இன்னொரு வேதமும் உண்டு, கடவுளோடு பேசும் தீர்க்கதரிசி இன்றும் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. இதுவே மற்ற சபைகளுக்கு எரிச்சல்தான். ஆனால் விரட்டியதற்கு அது மட்டும் காரணமில்லை. ஒரு கவுண்டிக்குள் (மாவட்டம் மாதிரி) கூட்டமாக வந்து இறங்கி நிலம் வாங்குவார்கள். வியாபாரம் தங்களுக்குள்ளேயே. தேர்தல் வந்தால் தலைவர் கைகாட்டிய பக்கம் மொத்த ஓட்டும் விழும். பழைய குடிகளுக்குத் தங்கள் ஊரே கைவிட்டுப் போகிறது என்ற பயம் வந்தது.

1833-ல் மிசூரியின் ஜாக்சன் கவுண்டியிலிருந்து துரத்தப்பட்டார்கள். 1838-39 குளிர்காலத்தில் மிசூரியை விட்டே போக வேண்டியதாயிற்று. அடுத்து இல்லினாயில் நாவூ என்ற நகரத்தைக் கட்டினார்கள். 1844 ஜூன் 27-ல் கார்த்தேஜ் சிறைக்குள் புகுந்த கும்பல் ஜோசப் ஸ்மித்தையும் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்றது. 1846-ல் மறுபடி இடம்பெயர்வு. 1847 ஜூலை 24-ல், ஸ்மித்துக்குப் பின் தலைமை ஏற்ற பிரிகம் யங் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தபோது அது மெக்சிகோவுக்குச் சொந்தமான நிலம். அமெரிக்காவே வேண்டாம் என்று கிளம்பியவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டே அந்த நிலமும் அமெரிக்காவிடம் போய்விட்டது.

டேனைட் படைன்னு ஒண்ணு நிஜமாவே இருந்துச்சா, இல்ல எதிரிங்க கட்டிவிட்ட கதையா?

இருந்தது. 1838 ஜூன் மாதம் மிசூரியின் ஃபார் வெஸ்ட் ஊரில் உருவானது. முன்னின்று நடத்தியவர் சாம்ப்சன் அவார்டு. ரகசிய உறுதிமொழி, அடையாளச் சைகை, தலைவர்களுக்குக் கேள்வி கேட்காத கீழ்ப்படிதல், பத்துப் பேருக்கும் ஐம்பது பேருக்கும் ஒரு கேப்டன் என்ற அடுக்கு எல்லாம் இருந்தன. "வழியில் கிடக்கிற சர்ப்பம்" என்று ஆதியாகமம் 49-ல் வரும் தாண் கோத்திரத்தின் பெயரைத்தான் சூட்டிக்கொண்டார்கள் என்பது பரவலான கருத்து.

இவர்களுடைய முதல் இலக்கு வெளியாட்கள் இல்லை, சொந்தச் சபையின் அதிருப்தியாளர்கள். இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஜூன் 17-ல் சபைத் தலைவர்களில் ஒருவரான சிட்னி ரிக்டன், சாரமற்றுப்போன உப்பை வெளியே கொட்டி மிதிக்க வேண்டும் என்ற வசனத்தை வைத்துப் பிரசங்கம் செய்தார். அடுத்த சில நாளில் எண்பதுக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்று ஆலிவர் கௌடரி, டேவிட் விட்மர், ஜான் விட்மர் முதலியவர்களுக்குப் போனது: ஊரைக் காலி செய், இல்லாவிட்டால் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல. கௌடரி யார் தெரியுமா? சபையின் வேதத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்ட முதல் மூவரில் ஒருவர். டேவிட் விட்மரும் அந்த மூவரில் ஒருவர்தான். அவர்களே குடும்பத்தோடு ஓடினார்கள்.

ஜோசப் ஸ்மித்துக்கு இது தெரியுமா?

அப்படி ஒரு குழு இருப்பது தெரியும். 1838 ஜூலை மாத நாட்குறிப்பில் டேனைட் என்ற பெயரே இருக்கிறது. சபையைச் சுத்தப்படுத்தும் வேலை அவர்களுடையது என்ற பொருளில் குறித்திருக்கிறார்கள். பிற்பாடு அந்த வரிகளை அடித்துவிட்டார்கள். அவார்டு கொடுத்த ஒவ்வொரு உத்தரவும் ஸ்மித்துக்குத் தெரியுமா என்பதில்தான் வரலாற்றாசிரியர்களுக்குள் சண்டை. அவார்டு கைதானதும் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறி எல்லாப் பழியையும் ஸ்மித் தலையில் போட்டார். சபை எல்லாப் பழியையும் அவார்டு தலையில் போட்டு 1839-ல் அவரை விலக்கியது. தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசிய சாட்சி அவர். அதே சமயம், ஊரே அணிவகுத்த ஜூலை 4 விழாவில் டேனைட்டுகளும் நடந்தார்கள். தலைவர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்பதும் எடுபடாது.

ஆனா மார்மன்கள்தானே அதிகம் அடி வாங்கினாங்க?

மிசூரியில் சந்தேகமில்லாமல் ஆம். 1838 ஆகஸ்ட் 6-ல் காலட்டின் ஊரில் மார்மன்களை ஓட்டுப்போட விடாமல் தடுத்ததில் அடிதடி தொடங்கியது. இரு பக்கமும் வீடு எரித்தார்கள், சூறையாடினார்கள். அக்டோபரில் மார்மன் படை காலட்டினை எரித்தது. அது பிடிக்காமல் அப்போஸ்தலர் என்ற உயர்பதவியில் இருந்தவர்களில் மூத்தவரான தாமஸ் மார்ஷே சபையை விட்டு விலகி வாக்குமூலம் கொடுத்தார். அக்டோபர் 27-ல் ஆளுநர் லில்பர்ன் பாக்ஸ், மார்மன்களை அழித்தொழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டு விரட்ட வேண்டும் என்று எழுத்து மூலமே உத்தரவு போட்டார். அது அதிகாரபூர்வமாக ரத்தானது 1976-ல்!

உத்தரவு வந்த மூன்றாம் நாள், அக்டோபர் 30-ல், ஹான்ஸ் மில் என்ற சிறு குடியிருப்பில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். கொல்லர் பட்டறைக்குள் ஒளிந்தவர்களை மரச்சுவரின் இடுக்கு வழியாகச் சுட்டார்கள். பத்து வயதுப் பையன் ஒருவனும் அதில் செத்தான். புதைக்க நேரமில்லாமல் உடல்களைத் தோண்டி முடிக்காத கிணற்றில் இறக்கினார்கள். இந்தக் கொலைகளுக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. சட்டம் நமக்கு உதவாது என்ற பாடம் மார்மன்கள் மனதில் பதிந்தது இங்கேதான். பின்னால் யூட்டாவில் அவர்கள் செய்ததற்கு இது நியாயம் ஆகாது, ஆனால் இதை விட்டுவிட்டு அதைப் புரிந்துகொள்ள முடியாது.

யூட்டாவுக்குப் போன அப்புறமும் டேனைட்டுகள் ரகசியமா கொலை பண்ணிட்டு இருந்தாங்களா? ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில வருமே?

1887-ல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலின் பாதி யூட்டாவில் நடக்கும். எழுதியவர் அப்போது யூட்டாவில் கால் வைத்ததில்லை. நள்ளிரவில் முகமூடியோடு வரும் ரகசியச் சங்கம் அன்றைய மலிவு நாவல்களின் சரக்கு.

மிசூரி டேனைட் அமைப்பு 1838 நவம்பரோடு முடிந்தது. யூட்டாவில் அதே அமைப்பு தொடர்ந்ததற்கு உறுதியான சான்று இல்லை; சபைக்காக அடியாள் வேலை செய்தவரையெல்லாம் டேனைட், அழிக்கும் தூதன் என்று கூப்பிடும் பழக்கம்தான் தொடர்ந்தது. அதற்காகக் கொலைகள் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நடந்தன. ஆனால் அவற்றுக்கு ரகசியச் சங்கம் தேவைப்படவில்லை. போலீஸ், குடிப்படை (ஊர்க்காரர்களே ஆயுதம் ஏந்திய படை), பிஷப், நீதிபதி எல்லாமே வெளிப்படையாக அவர்கள் கையில் இருந்தபோது முகமூடி எதற்கு?

நாவூல பையனுங்க கத்தியால குச்சி சீவிக்கிட்டே ஆளுங்களை விரட்டினாங்களாமே, உண்மையா?

உண்மைதான். 1845 ஜனவரியில் இல்லினாய் சட்டமன்றம் நாவூவின் நகர சாசனத்தை ரத்து செய்தது. அதோடு நகரப் போலீசுக்கும் படைக்கும் சட்ட அந்தஸ்து போய்விட்டது. அதற்கு மாற்றாகக் கண்டுபிடித்த வழி இது. சந்தேகப்படும் வெளியூர்க்காரன் தெருவில் இறங்கியதும் பையன்களும் இளைஞர்களும் சுற்றிச் சூழ்வார்கள். கையில் நீளமான கத்தி, ஒரு மரத்துண்டு. சீவிக்கொண்டே, விசிலடித்துக்கொண்டே, ஒரு வார்த்தை பேசாமல், அவன் போகிற இடமெல்லாம் கூடவே போவார்கள். தொடமாட்டார்கள், மிரட்டமாட்டார்கள். எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. பெரும்பாலோர் படகுத்துறைக்குத் திரும்பிவிடுவார்கள்.

போர்ட்டர் ராக்வெல் யாரு? முடி வெட்டாத வரைக்கும் குண்டு படாதுன்னு சொல்றாங்களே?

ஆரின் போர்ட்டர் ராக்வெல் 1813-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். ஜோசப் ஸ்மித்தின் பால்ய நண்பர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 1842 மே 6-ல் முன்னாள் ஆளுநர் பாக்ஸை யாரோ ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். தலையில் குண்டு பாய்ந்தும் அவர் பிழைத்தார். சந்தேகம் ராக்வெல் மேல் விழுந்தது. 1843-ல் பிடிபட்டு சுமார் ஒன்பது மாதம் மிசூரிச் சிறையில் கிடந்தார். சுட்டதற்குச் சாட்சி இல்லாததால் அந்தக் குற்றச்சாட்டு பதிவாகவே இல்லை. சிறையிலிருந்து தப்ப முயன்றதற்கு மட்டும் ஐந்து நிமிடத் தண்டனை!

அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் விருந்துக்கு அழுக்கும் சடையுமாக வந்து நின்றவரிடம், விசுவாசமாக இருந்து முடியை வெட்டாதவரை குண்டும் கத்தியும் உன்னைத் தொடாது என்று ஸ்மித் வாக்களித்ததாக மரபு. யூட்டாவில் 1849-ல் இருந்தே சட்ட அதிகாரி; குதிரைத் திருடர்களை நூற்றுக்கணக்கான மைல் விரட்டிப் பிடிப்பார்; தபால் சுமப்பார்; சத்திரமும் பீர் வடிப்பகமும் நடத்தினார். 1857 நவம்பரில் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஏய்க்கென் குழுவினரை உளவாளிகள் என்று பிடித்து, தெற்கே அனுப்பிவைப்பதாகச் சொல்லி அழைத்துப்போய்க் கொன்றதில் அவர் பெயர் ஆழமாக அடிபடுகிறது. அதற்காகக் குற்றம் சாட்டப்பட்டு, விசாரணை தொடங்கும் முன் 1878 ஜூன் 9-ல் இறந்தார். குண்டு படவில்லை என்பது மட்டும் சரி.

ஒரு சாதாரண விவசாயி, பைபிள் படிக்கிறவன், எப்படி கொலைக்குத் தலையாட்டினான்? இதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது.

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். அதிகாரம் யாரிடம் இருந்தது என்று பாருங்கள். 1850-களின் யூட்டா கிராமத்தில் பிஷப் என்பவர் ஞாயிறு பிரசங்கம் செய்பவர் மட்டுமில்லை. நிலத்தைப் பங்கிட்டவர், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை வாங்கிக் கிடங்கில் வைத்தவர், பஞ்ச காலத்தில் அதிலிருந்து மாவு கொடுத்தவர். பல ஊர்களில் குடிப்படையின் அதிகாரியும் அவரே. கவுண்டி நீதிமன்ற நாற்காலியில் இருப்பவர் இன்னொரு சபைத் தலைவர். உச்சியில் பிரிகம் யங்: சபைத் தலைவர், 1850 முதல் பிராந்திய ஆளுநர், பூர்வகுடி விவகார மேலாளர். ஒரே ஆள் சொல்வது ஆலோசனையா, ராணுவ உத்தரவா, கடவுள் கட்டளையா என்று பிரித்துக் கேட்க இடமே இல்லை. மறுத்தால் மேல்முறையீடு செய்யவும் அதே ஆள்தான்.

அதோடு, விட்டுவிட்டுப் போவதும் லேசில்லை. ரயில் வந்தது 1869-ல்தான். அதற்கு முன் எந்தப் பக்கம் போனாலும் பாலைவனமும் மலையும். மாடு, வண்டி, மாவு மூன்றும் வேண்டும். அவற்றை விற்பவனும் சபைக்காரன்தான். பாதைகளைக் காப்பவனும் சபையின் படைக்காரன்தான். ஆலயச் சடங்கிலோ, தீர்க்கதரிசிகளின் ரத்தத்துக்கு இந்தத் தேசத்தைப் பழிவாங்கும்படி கடவுளை வேண்டும் உறுதிமொழி ஒன்று 1920-கள் வரை இருந்தது.

இதன் மேல் 1856-57-ல் "சீர்திருத்தம்" என்ற எழுப்புதல், அதாவது பக்தியைத் தட்டி எழுப்பும் இயக்கம், வந்து விழுந்தது. வெட்டுக்கிளியும் வறட்சியும் பயிரைத் தின்ற காலம். கடவுள் கோபத்துக்குப் பாவமே காரணம் என்று சபைத் தலைவர்களில் ஒருவரான ஜெடடையா கிராண்ட் ஊர் ஊராக முழங்கினார். கையில் கேள்விப் பட்டியலோடு வீட்டுக்கு வீடு ஆள் வந்தார்கள். கொலை செய்தாயா, விபசாரம் செய்தாயா, தலைவர்களுக்கு எதிராகப் பேசினாயா, உன்னுடையதல்லாத மாட்டுக்குச் சூடு போட்டாயா, அடுத்தவன் முறைத் தண்ணீரை உன் வயலுக்குத் திருப்பினாயா, உடம்பைச் சுத்தமாகக் கழுவுகிறாயா என்பது வரை கேட்டார்கள். ஒப்புக்கொண்டவர்களுக்கு மறு ஞானஸ்நானம். முணுமுணுப்பவன் யார் என்பது வீட்டுக்கு வீடு தெரிந்துபோயிற்று.

ரத்தப் பரிகாரம்னா என்ன? அது வெறும் பேச்சா, செயலா?

சில பாவங்களுக்குக் கிறிஸ்துவின் ரத்தம் போதாது. பாவம் செய்தவனின் சொந்த ரத்தமே நிலத்தில் சிந்த வேண்டும். அப்படிச் சிந்துவது அவன் ஆத்துமாவுக்குச் செய்யும் அன்பு என்பதுதான் அந்தப் போதனை. 1856 செப்டம்பர் 21-லும் 1857 பிப்ரவரி 8-லும் பிரிகம் யங் இதை மேடையிலேயே சொன்னார். சபையின் சொந்த வெளியீட்டில் அச்சாகியும் இருக்கிறது. எதிரிகள் திணித்தது என்று தள்ள முடியாது.

மிரட்டல் மொழிதான், நடைமுறை இல்லை என்பது சபையின் நிலை. நம் கணிப்பு: முறைப்படி தீர்ப்பெழுதி நிறைவேற்றும் ஏற்பாடு இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் மேடையில் கேட்டதை உள்ளூர்த் தலைவர்கள் சிலர் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டார்கள். 1852-ம் ஆண்டுப் பிராந்தியச் சட்டத்தில் மரண தண்டனைக்குத் தூக்கு, துப்பாக்கி, தலைவெட்டு என மூன்று வழிகள் இருந்தன. தலைவெட்டு 1888-ல் நீங்கியது. துப்பாக்கி இன்றும் யூட்டா சட்டத்தில் இருக்கிறது. 2010-ல்கூட ஒருவரை அப்படிக் கொன்றார்கள்.

சபையை விட்டுப் போறவங்களை கொன்னாங்கன்னு சொல்றீங்களே, ஒரு உதாரணம் முழுசா சொல்லுங்க.

ஸ்பிரிங்வில், 1857 மார்ச். வில்லியம் பேரிஷ் என்ற வயதான மார்மன் குடும்பத்தோடு கலிஃபோர்னியா போக முடிவெடுத்தார். பிஷப் ஆரன் ஜான்சன் வீட்டில் கூட்டங்கள் நடந்தன. டஃப் பாட்டர், ஆப்ரகாம் டர்ஃபி என்ற இருவர், தாங்களும் சபை மீது வெறுப்பானவர்கள் போல நடித்து பேரிஷோடு பழக வேண்டும், எப்போது கிளம்புகிறார் என்று தெரிந்து சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

மார்ச் நடுவில் ஓர் இரவு, தப்பிக்கும் வழி காட்டுவதாக பாட்டர் அவரை ஊர் மதிலுக்கு வெளியே அழைத்துப் போனார். வேலியோரம் பதுங்கியிருந்தவன் இருட்டில் ஆள் தெரியாமல் பாட்டரைச் சுட்டான். உளவு பார்த்தவனே முதல் பிணம். பிறகு பேரிஷைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். சற்று நேரத்தில் டர்ஃபி மகன்கள் இருவரையும் அதே வழியில் கூட்டி வந்தார். பீசன் செத்தான், ஆரின் ஓடித் தப்பினான். பிண விசாரணை நடத்திய நீதிபதி பிஷப்புக்கே ஆலோசகர். கொன்றது யாரென்று தெரியவில்லை என்று முடித்தார்கள். ரகசியச் சங்கமே தேவையில்லை என்று டேனைட் பதிலில் சொன்னது இதைத்தான்.

மவுண்டன் மெடோஸ்ல என்ன நடந்துச்சு? சுருக்கமா இல்லாம சொல்லுங்க.

முதலில் சூழ்நிலை. 1857 கோடையில் அதிபர் பியூகேனன் பிரிகம் யங்கை ஆளுநர் பதவியிலிருந்து மாற்றி, புது ஆளுநரோடு சுமார் 2,500 படைவீரர்களை அனுப்பினார். ஜூலை 24 கொண்டாட்டத்தின் நடுவில் செய்தி எட்டியது. இன்னொரு மிசூரி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். தானியத்தை வெளியாருக்கு விற்காதே என்று உத்தரவு போனது. மே மாதம்தான் அப்போஸ்தலர் பார்லி பிராட் ஆர்கன்சாவில் கொலையாகியிருந்தார். அதே ஆர்கன்சாவிலிருந்து பேக்கர், ஃபேன்ச்சர் குடும்பங்களின் வண்டிக் கூட்டம், நிறைய மாடுகளோடு, கலிஃபோர்னியா நோக்கி யூட்டா வழியே வந்தது.

செப்டம்பர் 7 விடியலில், தெற்கு யூட்டாவின் மவுண்டன் மெடோஸ் என்ற மேய்ச்சல் பள்ளத்தாக்கில் தங்கியிருந்தவர்கள் மேல் தாக்குதல். ஜான் டி. லீ தலைமையில் சில மார்மன்களும் அவர்கள் திரட்டிய பையூட் பூர்வகுடிகளும் தாக்கினார்கள். பூர்வகுடிகள் செய்ததாகக் காட்டுவதே திட்டம். வண்டிக்காரர்கள் வண்டிகளை வளைத்துச் சக்கரத்தோடு சக்கரம் சங்கிலி போட்டு, நடுவில் குழி வெட்டிப் பதுங்கினார்கள். ஊற்று கூப்பிடு தூரத்தில்தான், போனால் சுடுவார்கள். தாக்குவோரில் வெள்ளையர் இருப்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள் என்ற செய்தி போனதும், உயிரோடு விட்டால் கலிஃபோர்னியாவில் போய்ச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் பிடித்தது. சீடர் சிட்டியின் சபைத் தலைவரும் படை மேஜருமான ஐசக் ஹைட், பரோவானில் தன் மேலதிகாரி கர்னல் வில்லியம் டேமைப் பார்க்கப் போனார். அங்கே கூடிய ஆலோசனைக் கூட்டம் வண்டிக்காரர்களைப் போக விடுவது என்றுதான் முடிவெடுத்தது. கூட்டம் கலைந்த பிறகு, தோல் பதனிடும் மரப்பட்டைக் குவியலருகே டேமைத் தனியாகப் பிடித்து ஹைட் மனதை மாற்றினார். நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களின் தீர்ப்பு மாறியது அந்தச் சில நிமிடப் பேச்சில்.

செப்டம்பர் 11, வெள்ளி. லீ வெள்ளைக்கொடியோடு போனார். ஆயுதத்தைக் கொடுங்கள், பத்திரமாகக் கூட்டிப்போகிறோம் என்றார். துப்பாக்கிகள், காயப்பட்டவர்கள், கைக்குழந்தைகள் வண்டியில் முன்னால். பெண்களும் பெரிய பிள்ளைகளும் நடந்து அடுத்து. கடைசியில் ஆண்கள் வரிசையாக, ஒவ்வொருவர் பக்கத்திலும் ஆயுதம் தாங்கிய குடிப்படை வீரன் ஒருவன். ஒரு மைலுக்கு மேல் நடந்ததும் குடிப்படை அதிகாரி ஜான் ஹிக்பி நின்று, கடமையைச் செய்யுங்கள் என்று கத்தினார். ஒவ்வொரு வீரனும் பக்கத்தில் வந்தவரைச் சுட்டான். பெண்களையும் பிள்ளைகளையும் புதரில் மறைந்திருந்தவர்கள் கொன்றார்கள். சில நிமிடத்தில் முடிந்தது. அந்த வாரத்தில் செத்தவர்கள் சுமார் 120. சாட்சி சொல்லும் வயதில்லை என்று விட்டுவைத்த 17 குழந்தைகள் பிழைத்தார்கள். மாடுகளும் துணிமணிகளும் பங்கு போடப்பட்டன, ஏலம் விடப்பட்டன.

பிரிகம் யங் உத்தரவு கொடுத்தாரா இல்லையா? நேரா பதில் சொல்லுங்க.

கொல்லச் சொன்ன உத்தரவு கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது எதிர்மாறானது. செப்டம்பர் 7-ல் ஜேம்ஸ் ஹாஸ்லம் என்ற குதிரை வீரர் சீடர் சிட்டியிலிருந்து யோசனை கேட்கப் புறப்பட்டு 10-ம் தேதி சால்ட் லேக் போய்ச் சேர்ந்தார். வண்டிக்காரர்கள் விஷயத்தில் தலையிடாதீர்கள், பூர்வகுடிகள் தங்கள் இஷ்டப்படி செய்வார்கள் என்ற பதிலோடு உடனே திரும்பினார். வந்து சேர்ந்தது 13-ம் தேதி. கடிதத்தின் நகல் சபைப் பதிவேட்டில் இருக்கிறது.

அதற்காக அவர் கை சுத்தம் என்று சொல்ல முடியாது. செப்டம்பர் 1-ல் தெற்குப் பூர்வகுடித் தலைவர்களைச் சந்தித்தபோது, தெற்குப் பாதையில் போகும் மாடுகளை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் சொன்னதாக, கூட இருந்த மொழிபெயர்ப்பாளரின் நாட்குறிப்பு காட்டுகிறது. செப்டம்பர் 29-ல் லீ நேரில் வந்து விவரம் சொன்ன பிறகு, 1858 ஜனவரியில் வாஷிங்டனுக்கு அனுப்பிய அறிக்கையில் பழி முழுவதையும் பூர்வகுடிகள் மேல் போட்டார். கொலைக்கு முன் அவர் மூட்டிய சூழல், கொலைக்குப் பின் அவர் மறைத்தது: பொறுப்பு இந்த இரண்டிலும்தான். ஒற்றை உத்தரவைத் தேடுபவர்கள் இரண்டையும் தவற விடுகிறார்கள்.

இவ்வளவு பேர் சேர்ந்து செஞ்சதுக்கு லீ ஒருத்தரை மட்டும் ஏன் சுட்டாங்க? கோர்ட்டெல்லாம் என்ன பண்ணிட்டு இருந்துச்சு?

1859-ல் மத்திய நீதிபதி ஜான் கிராடில்பா பிரோவோவில் நீதிமன்றம் கூட்டி, பேரிஷ் கொலையையும் மவுண்டன் மெடோஸையும் விசாரிக்கச் சொன்னார். சாட்சிகளைக் காக்கப் படைவீரர்களை நிறுத்தினார். குற்றச்சாட்டு பதியலாமா என்று முடிவுசெய்யும் பெரும் ஜூரியில் இருந்தவர்கள் ஊர் மார்மன்கள், குற்றச்சாட்டே பதியவில்லை. எரிச்சலில் ஜூரியைக் கலைத்தார். கவுண்டி நீதிமன்றங்களுக்கே குற்ற வழக்கு அதிகாரமும் இருந்ததால் மத்திய நீதிமன்றத்தைச் சுற்றிப் போக எப்போதும் ஒரு வழி இருந்தது.

1874-ன் போலந்து சட்டம் (நாட்டின் பெயரல்ல, கொண்டுவந்தவரின் பெயர்) அந்த வழியை அடைத்தது. அதே ஆண்டு ஒன்பது பேர் மேல் குற்றச்சாட்டு. நவம்பரில் பாங்குவிச் ஊரில் கோழிக்கூண்டுக்குள் ஒளிந்திருந்த லீ பிடிபட்டார். 1875 முதல் விசாரணையில் ஜூரி ஒத்துப்போகவில்லை. 1876 இரண்டாம் விசாரணையில் மார்மன்கள் மட்டுமே இருந்த ஜூரி குற்றவாளி என்றது. முன்பு நினைவில்லை என்றவர்களுக்கெல்லாம் நினைவு வந்தது. டேம் மீதான வழக்கு கைவிடப்பட்டது. கொலையில் பங்கேற்ற பிஷப் கிளிங்கன்ஸ்மித் அரசுச் சாட்சியானார். ஹைட்டும் ஹிக்பியும் தலைமறைவு. பிரிகம் யங்கின் சடங்குமுறைத் தத்துப்பிள்ளையான லீ, 1877 மார்ச் 23-ல் அதே பள்ளத்தாக்கில், தன் சவப்பெட்டி மேலேயே உட்கார வைத்துச் சுடப்பட்டார். அவர் அப்பாவி இல்லை. ஆனால் தனி ஆளும் இல்லை.

பில் ஹிக்மன் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரே, அதை நம்பலாமா?

பாதி நம்பலாம், எந்தப் பாதி என்பதுதான் தொல்லை. வக்கீல், பிராந்திய சட்டமன்ற உறுப்பினர், கொலைகாரர், மூன்றும் அவரே. சபை விலக்கிய பிறகு, 1871-ல் மத்திய அதிகாரிகளிடம் வாக்குமூலம் கொடுத்தார். ரிச்சர்ட் யேட்ஸ் என்ற வியாபாரியை 1857-ல் பிரிகம் யங் சொல்லித்தான் கொன்றேன் என்றார். அதை வைத்து யங் மேல் கொலை வழக்கே பதிவானது. 1872 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஜூரியைப் பொறுக்கிய முறையே சட்டவிரோதம் என்று வேறொரு வழக்கில் தீர்ப்பளிக்க, யங் வழக்கு உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவை விழுந்தன. ஹிக்மனின் சொல் குறுக்கு விசாரணைக்கு வரவேயில்லை. அவர் புத்தகத்தைச் செப்பனிட்டவரும் மார்மன் எதிர்ப்புப் பத்திரிகையாளர். கொலைகளின் இடமும் ஆளும் மற்ற ஆவணங்களோடு பொருந்தும் இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். யார் சொல்லிச் செய்தேன் என்ற பகுதியில் கவனம் தேவை. அவார்டு பற்றிச் சொன்னதே இங்கும்.

அந்தக் காலத்துல மேற்கு அமெரிக்கா பூரா கொலைதானே? மார்மன்களை மட்டும் ஏன் சொல்லணும்?

நியாயமான கேள்வி. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1856-ல் ஊர்க்காரர்களே அமைத்த கண்காணிப்புக் குழு ஆட்களைத் தூக்கில் போட்டது. மான்டானாவில் 1863-64-ல் அதுவே நடந்தது. எண்ணிக்கையை வைத்து யூட்டா மோசம் என்று சொல்ல முடியாது. பல ஊர்களில் அன்றாடக் குற்றம் குறைவாகவே இருந்தது.

வித்தியாசம் வேறு இடத்தில். மற்ற ஊர்களில் கும்பல் சட்டத்தை மீறிக் கொன்றது. யூட்டாவில் அதைச் செய்தவர்கள் சட்டத்தின் பதவிகளிலேயே இருந்தார்கள். 1862 ஜூனில் ஜோசப் மோரிஸ் என்பவரைப் பின்பற்றிப் பிரிந்துபோன குழு மூன்று பேரைப் பிடித்து வைத்திருந்தது. மார்மன் அல்லாத தலைமை நீதிபதிதான் கைது ஆணை கொடுத்தார். அதை நிறைவேற்றப் போன ராபர்ட் பர்ட்டனின் குடிப்படை பீரங்கியோடு போய் மூன்று நாள் முற்றுகையிட்டது. முதல் குண்டுகளிலேயே பெண்கள் இருவர் செத்தார்கள். சரணடைந்த பிறகு மோரிஸும் சுடப்பட்டார். ஆணை சட்டப்படியானது, நிறைவேற்றியது மதப் பகை. இதையொட்டிய கொலை வழக்கில் 1879-ல் பர்ட்டன் விடுதலையானார்.

இப்போ சபை இதையெல்லாம் ஒத்துக்குதா?

படிப்படியாக, பெரும்பாலும் வற்புறுத்தலின் பேரில். ரத்தப் பரிகாரத்தை 1889-லேயே அதிகாரபூர்வமாக மறுத்தார்கள். லீக்கு 1961-ல் சபை உறுப்பினர் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். 1999-ல் புது நினைவுச்சின்னம் கட்டத் தோண்டியபோது இயந்திரம் எலும்புகளை வெளியே கொண்டுவந்தது. சபையின் ஆவணக் கிடங்கை ஆய்வாளர்களுக்குத் திறந்தது அதன் பிறகு நடந்த நல்ல விஷயம்.

2007 செப்டம்பர் 11-ல், 150-வது ஆண்டில், சபையின் அப்போஸ்தலர் ஹென்றி ஐரிங் அந்த இடத்திலேயே உள்ளூர்ச் சபைத் தலைவர்களின் பொறுப்பைச் சொல்லி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். ஒன்றரை நூற்றாண்டாகப் பழி சுமந்த பையூட் மக்களுக்கும் தனியாக வருத்தம் தெரிவித்தார். 2011-ல் அந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.